பின்முகத்துக் கம்பி

ஃபைபர் தட்டு எவ்வளவு அடி வாங்கியது என்பதை அதன் முன்பக்கம் ஒருபோதும் ஒழுங்காகச் சொல்லாது. இரும்புத் தகட்டில் சுத்தியல் விழுந்தால் குழி விழும். குழியின் ஆழத்தைப் பார்த்தே அடியின் கனத்தைச் சொல்லிவிடலாம். கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காகப் பரப்பி எப்பாக்ஸி ரெசினில் ஊறவைத்து இறுக்கிய மூன்று மில்லிமீட்டர் தட்டின் மேல், குண்டு முனை வைத்த இரண்டு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். மேலே விரல் நுனிக்கு மட்டும் தட்டுப்படும் ஒரு பள்ளம், அவ்வளவுதான். தட்டைத் திருப்பினால் இழை பிளந்து ரெசின் தூள் உதிரும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், மேலே இருந்த பள்ளத்தைவிடப் பல மடங்கு அகலமாக ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த இடம் அது.

கண்ணாடி இழைக்கு இந்த ஒரு நல்ல குணம் உண்டு, வெளிச்சம் விட்டு உள்காயத்தைக் காட்டிவிடும். கார்பன் இழை கரிக்கட்டை, எதையும் காட்டாது. விமானத்தின் இறக்கையில் ஒரு ஸ்பேனர் கை தவறி விழுந்தால் அல்ட்ராசானிக் கருவியைக் கொண்டுவந்து வருடிப் பார்க்கிறார்கள். கருவி வருவதற்கு முன்பு ஒரு நாணயத்தாலோ சிறு சுத்தியாலோ தட்டி ஓசை கேட்பதும் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். பண்ருட்டி மண்டியில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகிய காதுக்கு இதைக் கற்றுத்தர அரைமணி நேரம் போதும்.

காயம் ஏன் பின்பக்கத்தில் பெரிதாகிறது என்றால், அடி விழும் கணத்தில் தட்டு வளைகிறது. மேல்முகம் நசுங்குகிறது, பின்முகம் இழுபடுகிறது. இழை இழுப்பைத் தாங்கும். இழைகளுக்கு நடுவே இருக்கும் ரெசின் தாங்காது. முதல் விரிசல் அங்கே பிறந்து, அடுத்த அடுக்கின் இழை வேறு திசையில் ஓடுவதைக் கண்டதும் நேரே போக முடியாமல் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பரவுகிறது. வெட்டிப் பார்த்தால் மேலே குறுகிக் கீழே அகன்ற கூம்பு வடிவத்தில் சேதம் இருக்கும். இப்படிப்பட்ட தட்டை இழுத்துப் பார்த்தால் பரவாயில்லை என்பது போலிருக்கும். அழுத்திப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பிரிந்த அடுக்குகள் தனித்தனி மெல்லிய தகடுகளாகப் பிதுங்கி, பழைய பலத்தில் பாதிகூட மிஞ்சாமல் போவதுண்டு. விமானக்காரர்கள் பயப்படுவது ஓட்டை விழுந்த தட்டுக்கு அல்ல, வெளியே ஒன்றும் தெரியாத தட்டுக்கு.

மேல்பட்டாம்பாக்கத்தில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பகலில் பொறியியல் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் ப்ராஜெக்ட் பிள்ளைகள் விழுப்புரம் பாசஞ்சரிலோ கடலூர் பஸ்ஸிலோ வந்து இறங்குவார்கள். பெரும்பாலும் வாழைநார், பனைநார், தேங்காய்நார். இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் இதுவரை வார்த்த நார்த் தட்டுகளை எல்லாம் சேர்த்தால் ஒரு தெருவுக்கே கூரை போட்டுவிடலாம். குறை சொல்லவில்லை. நாரில் கை பழகும், செலவும் குறைவு. ஆனால் என் மனம் போய் ஒட்டிக்கொண்டது நைட்டினால் கம்பி வைத்த தட்டுகளில். வடிவ நினைவு உலோகம் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். லேபில் எல்லாரும் எஸ்.எம்.ஏ. கம்பி என்றுதான் சொல்கிறோம்.

ஒரு பொருளுக்குள் புதைத்து வைக்கும் கம்பியைப் பற்றி நான் முதலில் படித்தது நெய்வேலியில். ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாக இருந்தபோது கன்வேயர் பெல்ட் ஒட்டும் இடத்தில் விட்டிருந்தார்கள். 1957இல் தொடங்கிய அந்தச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பது சாதாரண மண் அல்ல. கடலூர் மணற்கல் என்றே நிலவியல்காரர்கள் பெயர் வைத்த கெட்டிக் கல். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரின் பற்களைத் தின்று தீர்க்கும் கல் அது. வெட்டிய கட்டி மேலேயிருந்து பெல்ட்டில் வந்து விழும். விழும் இடத்தில் மட்டும் ரப்பர் வளையம் போட்ட இம்பாக்ட் ஐட்லர்களை நெருக்கமாக வைத்திருப்பார்கள். கல்லை எதிர்த்து நிற்பது அவற்றின் வேலை இல்லை. கூடவே தாழ்ந்துபோய், அடியைக் கொஞ்ச நேரத்துக்கு நீட்டிக் கொடுக்கும்.

அந்தப் பெல்ட்டும் ஃபைபர் தட்டைப் போல ஒரு கலப்புப் பொருள்தான். ரப்பருக்குள் எஃகு வடங்கள் நீளவாக்கில் ஓடும். இரண்டு முனைகளைச் சேர்க்கும்போது ரப்பரை உரித்து வடங்களை வெளியே எடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் படிப்படியான நீளத்தில் கோத்து, நடுவே பச்சை ரப்பர் வைத்து, 145 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றி அழுத்துவோம். அந்த இணைப்பு விட்டுக்கொடுத்தால் அங்கே வடம் அறுந்திருக்காது. ரப்பரைவிட்டு உருவிக்கொண்டு வந்திருக்கும். எவ்வளவு பெரிய வடமாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ளது அதை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் அதன் பலம் என்பதை மேஸ்திரி ஒருவர் வாயால் சொல்லவில்லை. உருவி வந்த வடத்தைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். பளபளவென்று, ஒரு துளி ரப்பர்கூட ஒட்டாமல் இருந்தது.

அடிக்கும் கலப்புப் பொருளுக்கும் உள்ள பகை பழையது. பிரிட்டனின் ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனி ஆர்.பி. 211 ஜெட் எஞ்சினுக்கு ஹைஃபில் என்ற கார்பன் இழைப் பொருளில் விசிறி இலைகள் செய்தது. எடை குறைவு, பலம் அதிகம், மற்ற சோதனைகளில் தேறியும் விட்டன. 1970இல் பறவை மோதினால் என்ன ஆகும் என்று பார்க்கக் கோழியை வைத்துச் சுட்டபோது இலை சிதறியது. டைட்டானியத்துக்குத் திரும்பினார்கள். 1971 பிப்ரவரியில் கம்பெனி திவாலானது. அதற்கு இலை மட்டுமே காரணமல்ல என்றாலும் அந்தக் கோழி பொறியியல் வகுப்புகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இழை இழுப்புக்குப் பிறந்தது. குறுக்கே விழும் அடிக்கு அதனிடம் பதில் இல்லை. எஃகு அடி வாங்கும்போது நெளிந்து ஆற்றலை விழுங்கும். கார்பன் இழையோ ஒன்றரை சதவீதம் நீண்டதுமே அறுந்துவிடும்.

நைட்டினால் எட்டு சதவீதம் வரை நீண்டுவிட்டுத் திரும்பி வரும். அதனால்தான் அதைத் தட்டுக்குள் வைக்கும் யோசனையே வந்தது.

இந்த உலோகம் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தைப் பலரும் சூடு, நினைவு என்ற பக்கத்திலிருந்து சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கட்டம். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் ஏவுகணை மூக்குக்கு ஏற்ற உலோகக் கலவை தேடிக்கொண்டிருந்தார். உருக்கிய ஒவ்வொரு கலவையையும் சுத்தியால் அடித்துப் பார்த்தார். அடிக்கு அதிகம் தாக்குப்பிடித்தது நிக்கலும் டைட்டானியமும் சரிபாதி அணுக்களாகச் சேர்ந்த கலவை. பிறகு 1959இல் அதன் தண்டுகளைத் தரையில் போட்டபோது, ஆறியது மந்தமாக விழுந்தது, சூடாக இருந்தது மணியாக ஒலித்தது. உள்ளே அணுக்களின் அடுக்கே வெப்பத்துக்கு ஏற்ப மாறுகிறது என்று அந்த ஓசை சொன்னது. ஆக, அடி தாங்குவதுதான் இந்த உலோகத்துக்குக் கிடைத்த முதல் சான்றிதழ். நினைவு பின்னால் வந்தது. (அதில் பாதியான டைட்டானியத்தின் தாது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறது என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிவைக்கிறேன். யாரும் பெரிதாக ஆச்சரியப்படுவதில்லை.)

கம்பியில் இரண்டு ஜாதி. ஒன்று, அறை வெப்பத்தில் வளைத்தால் வளைந்தபடியே கிடந்து, வெந்நீரில் போட்டால் நிமிர்வது. இன்னொன்று, வளைத்துக் கையை விட்டதுமே நிமிர்வது. இதைச் சூப்பர் எலாஸ்டிக் என்கிறார்கள். வாங்கி வந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர் போதும், எது எது என்று தெரிந்துவிடும். முதல் ஜாதியை இழுத்து நீட்டித் தட்டுக்குள் வைத்து, மின்சாரம் விட்டுச் சூடேற்றினால் சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள ரெசின் விடாததால் தட்டையே இறுக்கும். 1980களின் கடைசியில் வர்ஜீனியாவில் கிரெய்க் ரோஜர்ஸ் இந்தப் பாதையைத் திறந்துவைத்தார். அவரும் பெயின் என்ற ஆய்வாளரும் 1990களின் முற்பகுதியில் கம்பி வைத்த கார்பன் தட்டுகளின் மேல் எடை போட்டுப் பார்த்து, அவை துளைபடுவதை எதிர்ப்பதைக் காட்டினார்கள். கேட்க அழகாக இருக்கிறது. என் கொட்டகையில் அது சரிப்படாது. அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்ஸி 60, 70 டிகிரியிலேயே தளர ஆரம்பிக்கும். கம்பியை எழுப்ப அதே சூடோ அதைவிடக் கூடுதலோ வேண்டும். கம்பி சுருங்கும் நேரம் பார்த்து அதைப் பிடித்திருக்க வேண்டிய ரெசின் கையைத் தளர்த்தினால் என்ன பயன்? அடுப்பில் வேகவைத்த ரெசின் வேண்டும். அப்படி வேகவைக்கும்போது கம்பி முன்கூட்டியே சுருங்கிவிடாமல் இருமுனையையும் இரும்புச் சட்டத்தில் பிடித்து வைக்கவேண்டும். கார்பன் தட்டு என்றால் இன்னொரு தொல்லை: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், கம்பிக்கு விட்ட கரண்ட் இழை வழியே ஓடிவிடும், கம்பியைக் கண்ணாடி இழைக்கு நடுவே வைத்துக் காக்க வேண்டும். ஆகவே நான் சூப்பர் எலாஸ்டிக் கம்பியோடு நின்றுகொண்டேன். அதற்கு மின்சாரம் வேண்டாம். அடி விழுந்தால் நீளும், விட்டால் திரும்பும்.

பிள்ளைகளுக்குக் கையில் கிடைப்பது பல் சீராக்கும் கம்பிதான். அமெரிக்காவில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் என்ற பல் மருத்துவர் 1971வாக்கில் நைட்டினாலை வாய்க்குள் கொண்டுவந்தார். இன்று பல் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் நேர்க்கம்பியாகவே கிடைக்கிறது. ஆனால் அது 0.35 மில்லிமீட்டர் தடிமன் அளவில் இருக்கும். மூன்று மில்லிமீட்டர் தட்டில் அது பெரிய சாமான். இழைக்குக் குறுக்கே வைத்தால் கம்பியின் இரண்டு பக்கமும் துணி படியாமல் கண் வடிவத்தில் ரெசின் தேங்கும். இழையில்லாத அந்த ரெசின் குட்டை விரிசலுக்கு நாமே திறந்துவிட்ட கதவு. 0.15, 0.2 கம்பி கிடைத்தால் நல்லது. மெலிந்த கம்பிக்கு அதன் பருமனை ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம், பிடிப்பும் அதிகம். விலையும் அப்படியே.

குட்டையைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, நெய்த கண்ணாடித் துணியிலிருந்து ஒரு கற்றை இழையை உருவிவிட்டு, அது இருந்த தடத்திலேயே கம்பியைச் செலுத்துவது. மேலும் கீழுமாகத் துணியோடு கம்பியும் நெளிந்து போகும். பிறகு அது அடுக்குகளுக்கு நடுவே கிடக்கும் அந்நியப் பொருள் அல்ல, துணியின் ஒரு உறுப்பு. ஒரு சாண் துணிக்கு ஒரு மாலை நேரம் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில் வாழைநாருக்கு மாறிவிடுவார்கள்.

கம்பியை எந்த அடுக்கில் வைப்பது? அழகுக்காக நடு அடுக்கில் வைக்கிறவர்கள் உண்டு. வளையும் தட்டின் நடுவே இழுப்பும் கிடையாது, அழுத்தமும் கிடையாது. அங்கே நைட்டினால் சும்மா கிடக்கும். பத்துப் பன்னிரண்டு அடுக்குத் தட்டில் பின்முகத்திலிருந்து இரண்டாவது அடுக்கில் வைக்கிறேன். கடைசி அடுக்கிலேயே வைத்தால் ரெசின் உதிர்ந்ததும் கம்பி வெளியே வந்து தொங்கும். ஒரு அடுக்கு அதன்மேல் போர்த்தியிருக்க வேண்டும்.

இழுவிசை சமாச்சாரம் சுவையானது. ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம், ஒரு பக்கம் துளையிட்ட போல்ட்டுகள், அதில் கம்பியைச் சுற்றித் திருகி இழுக்கிறோம். சாதாரண எஃகுக் கம்பி என்றால் ஒரு தட்டில் வைக்கும் இருபத்து நாலு கம்பிக்கும் ஒரே இழுப்பு வைப்பது பெரும்பாடு. ஒன்று தளரும், ஒன்று விறைக்கும். விரலால் மீட்டி ஓசை கேட்டுக் கேட்டுத் திருக வேண்டும். நைட்டினாலில் ஒரு வரம் இருக்கிறது. சுமார் ஒரு சதவீதம் நீண்டபிறகு ஏறத்தாழ ஆறு சதவீதம் வரை எவ்வளவு இழுத்தாலும் அதன் எதிர்ப்பு மாறுவதில்லை. உள்ளே அணு அடுக்கு மாறிக்கொண்டிருக்கும், வெளியே அதே விசை. அதனால் எல்லாக் கம்பியையும் அந்த எல்லைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், திருகியவன் கை கோணலாக இருந்தாலும் இழுவிசை தானே ஒன்றாகிவிடும். 0.2 கம்பிக்குத் தோராயமாக ஒன்றரைக் கிலோ. இருபத்து நாலுக்கும் சேர்த்து முப்பத்தாறு கிலோ சட்டத்தை உள்ளே இழுக்கும், ஆகவே தகர ஃப்ரேம் உதவாது.

ஆனால் இந்த வரத்தை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. மூன்று சதவீதம் முன்கூட்டியே நீட்டி வைத்தால், அடிபடும்போது நீள வேண்டிய எட்டில் மூன்று கையிருப்பிலிருந்து போய்விட்டது. மேலும் பின்முகத்தில் மட்டும் இழுத்து வைத்த கம்பி, இறுகியபின் முனையை வெட்டியதும் சுருங்கப் பார்த்து, தட்டை லேசாக வளைத்துவிடும். நேராக நிற்கும் அளவுக்கு இழுத்தால் போதும் என்பது என் கட்சி. முன்நீட்டல் வைத்து நல்ல பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தட்டின் இரு பக்கமும் சமமாக வைத்து, தடிமனும் கூட்டிச் செய்திருப்பார்கள்.

இப்போது நெய்வேலி வடம் காட்டிய பிடிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நைட்டினாலின் மேல் டைட்டானியம் ஆக்சைடு தோல் ஒன்று உண்டு. மனித ரத்தத்துக்குள் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு அது பாதுகாப்பு, எப்பாக்ஸிக்கு வழுக்குப்பாறை. கம்பி இழுத்த ஆலையின் எண்ணெய்ப் பசையும் அதில் இருக்கும். அசிட்டோனில் துடைத்து, நைசான எமரித் தாளால் நீளவாக்கில் இல்லாமல் சுற்றுவாக்கில் தேய்ப்பேன். அமிலத்தில் அரித்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதற்கு ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வேண்டும். தோலில் பட்டால் எலும்புவரை போகிற அந்தச் சனியனைப் பிள்ளைகள் நடமாடும் கொட்டகைக்குள் விடமாட்டேன்.

பிடிப்பு முழுமையாக இருப்பதும் நல்லதல்ல என்பதுதான் இந்த வேலையின் நுட்பம். கம்பியை ரெசின் அங்குலம் விடாமல் பிடித்திருந்தால், விரிசல் திறக்கும் இடத்தில் கம்பியின் ஒரு மில்லிமீட்டர் துண்டு மட்டும் நீள வேண்டிவரும். அரை மில்லிமீட்டர் விரிசல் திறந்தால் அந்தத் துண்டுக்கு ஐம்பது சதவீத நீட்டல். அறுந்துவிடும். பிடிப்பே இல்லையென்றால் நெய்வேலி வடம்போல் உருவிக்கொண்டு வரும். விரிசலின் இரு பக்கமும் கொஞ்ச தூரம் மட்டும் ரெசினை விட்டுப் பிரிந்து, அந்த நீளம் முழுவதும் நீட்டலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அப்படிப் பிரியும்போது உராய்விலும் ஆற்றல் போகும். எமரித் தாள் கொடுக்கும் நடுத்தரப் பிடிப்பு, அமிலம் கொடுக்கும் முரட்டுப் பிடிப்பைவிட இதற்கு ஏற்றது என்று நினைக்கிறேன். பல் கம்பியைத் தேய்க்காமல் வைத்த தட்டுகளில், உடைத்துப் பார்த்தால் கம்பி இருந்த தடம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். அந்த மேஸ்திரியின் கையில் இருந்த வடமேதான்.

ரெசின் எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இருக்கும் எல்.ஒய். 556, ஹார்டனர் எச்.ஒய். 951, எடையில் பத்துக்கு ஒன்று. சித்திரை வெயிலில் கொட்டகைக்குள் நாற்பது டிகிரி. கலக்கிய கப் கையில் சுட ஆரம்பித்தால் தூரப் போட்டுவிட வேண்டும். சின்னச் சின்னதாகக் கலக்குவதே வழி. ஐப்பசியில் வேறு கதை. இந்த ஹார்டனர் அமீன் வகை, காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து மேலே வெள்ளைப் பூப்பாகப் படியும். அந்தப் பூப்பின் மேல் அடுத்த அடுக்கு ஒட்டாது. நாம் கம்பி வைத்து எதைத் தடுக்கப் பார்க்கிறோமோ அந்த அடுக்குப் பிரிவை நாமே உள்ளே வைத்துவிட்டோம் என்று அர்த்தம். மழைக்காலத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து எடுக்கும் ஃபீனால்கமைன் வகை ஹார்டனர்கள் இருக்கின்றன, ஈரத்திலும் இறுகும். கப்பலுக்கு அடிக்கும் பெயின்ட்டில் இதுதான் போகிறது. பண்ருட்டியைச் சுற்றி முந்திரி உடைத்த ஓடு மலைமலையாகக் கிடக்க, ஹார்டனரை டப்பாவில் வெளியூரிலிருந்து வாங்குகிறோம்.

அடிச் சோதனைக்கு உலகம் முழுவதும் ஒரே மாதிரி ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். ஏ.எஸ்.டி.எம். டி 7136 என்ற அமெரிக்கத் தரம்: 150க்கு 100 மில்லிமீட்டர் தட்டு, 125க்கு 75 திறப்பு, 16 மில்லிமீட்டர் அரைக்கோள முனை, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 6.7 ஜூல். மூன்று மில்லிமீட்டருக்கு 20 ஜூல். நான் முதலில் சொன்ன இரண்டு கிலோவும் ஒரு மீட்டரும் அந்தக் கணக்கில் வந்தவைதான். முனைக்குப் பழைய பேரிங் உருண்டை. எடை ஒருமுறை எகிறித் திரும்ப விழுவதற்குள் கட்டையை நுழைத்துத் தடுக்க வேண்டும், இரண்டாவது அடி விழுந்தால் சோதனை கெட்டது. விசையை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. வெளிச்சத்தில் தெரியும் திட்டைக் கிராஃப் தாளில் வரைந்து கட்டம் எண்ணுகிறோம், பின்முகப் பிளவின் நீளத்தை அளக்கிறோம், துளைத்ததா இல்லையா என்று எழுதுகிறோம். பாதிக் கேள்விக்கு இதுவே போதும்.

குறைந்த அடியில் கம்பி வைத்த தட்டுக்கும் வைக்காததற்கும் வித்தியாசம் தேடினாலும் கிடைக்காது. சிலசமயம் கம்பி வைத்ததில் வெள்ளைத் திட்டு கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்; விரிசலுக்குக் கம்பியே ஆரம்பப் புள்ளியாகிவிடுகிறது. பிள்ளைகள் முகம் வாடுவது இங்கேதான். உயரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். வெறும் தட்டை உருண்டை துளைத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கும் உயரத்தில், கம்பி வைத்த தட்டு கந்தலாகி, ஆனால் உருண்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கும். பின்பக்கம் பிளந்த துண்டுகள் உதிராமல் கம்பிகளில் கோத்து நிற்கும். எடையை எடுத்ததும் கம்பி பின்னுக்கு இழுக்க, திறந்த விரிசல் வாய் கொஞ்சம் மூடிக்கொள்ளும். நைட்டினால் காயத்தைத் தடுப்பதில்லை. காயம்பட்டபின் தட்டு கைவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

கம்பி அந்த அடியை விழுங்கிவிட்டதா என்று கணக்குப் போட்டால் இல்லை என்றுதான் வருகிறது. 500 மெகாபாஸ்கலில் எட்டு சதவீதம் நீண்டால் ஒரு கன சென்டிமீட்டர் நைட்டினால் அதிகபட்சம் 40 ஜூல் வாங்கும். கேட்க நிறைய. ஆனால் 125 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு 0.2 கம்பியின் பருமன் நான்கு கன மில்லிமீட்டர்கூட இல்லை. முழு நீளமும் கடைசிவரை நீண்டாலும் 0.16 ஜூல். உருண்டைக்கு நேரே கீழே இருக்கும் நாலைந்து கம்பிதான் உண்மையில் நீளும். ஒரு ஜூல்கூடத் தேறாது. ஆக, கம்பி செய்யும் வேலை விழுங்குவது அல்ல. பின்முக இழைகள் அறுந்தபிறகும் சுமையைத் தொடர்ந்து தாங்கி, அதை அக்கம்பக்கத்துக்குப் பிரித்துக் கொடுத்து, இன்னும் உடையாத பகுதிகளை உடைய வைக்கிறது. ஆற்றலைத் தின்பது கண்ணாடியும் ரெசினும்தான். நைட்டினால் பந்தி விசாரிக்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கம்பியுள்ள தட்டையும் கம்பியில்லாத தட்டையும் ஒரே தடிமனில் வைத்து ஒப்பிட்டு இத்தனை சதவீதம் கூடியது என்று எழுதிவிடுகிறார்கள். நைட்டினாலின் அடர்த்தி 6.45, கண்ணாடி எப்பாக்ஸியின் அடர்த்தி 1.9க்குப் பக்கம். பருமனில் ஐந்து சதவீதம் கம்பி வைத்தால் எடை பன்னிரண்டு சதவீதம் ஏறிவிடும். அந்த எடைக்குக் கம்பிக்குப் பதிலாக இன்னொரு துணி அடுக்கைப் போட்டிருந்தால் தட்டின் தடிமன் பன்னிரண்டு சதவீதம் கூடியிருக்கும். துளைக்கும் ஆற்றல் தடிமனின் ஒன்றரை அடுக்குப்படியை ஒட்டி ஏறுவதால் அது மட்டுமே பதினெட்டு, பத்தொன்பது சதவீதம் கொடுத்திருக்கும். அதைத் தாண்டினால்தான் கம்பிக்குப் பெருமை. என் கொட்டகைக்கு வருகிற பிள்ளைகளை ஒப்பீட்டுத் தட்டைத் தராசில் வைத்துச் சமப்படுத்தாமல் ரிப்போர்ட் எழுத விடமாட்டேன். முணுமுணுப்பார்கள்.

வெப்பமும் ஒப்பீட்டைக் கெடுக்கும். நைட்டினால் நீளத் தொடங்கும் விசை டிகிரிக்கு ஆறு, ஏழு மெகாபாஸ்கல் வீதம் ஏறும். ஏ.சி. அறையில் 22 டிகிரியில் அடித்த தட்டுக்கும் கடலூர் வெயிலில் 40 டிகிரியில் அடித்த தட்டுக்கும் நடுவே கம்பி நூறு மெகாபாஸ்கலுக்கு மேல் விறைத்திருக்கும். மேலே விமானம் பறக்கும் உயரத்தில் மைனஸ் ஐம்பது. அங்கே நம் சூப்பர் எலாஸ்டிக் கம்பி சூப்பர் எலாஸ்டிக்காகவே இருக்காது. நீளும், திரும்பாது, தரையிறங்கிச் சூடானபின்தான் திரும்பும். தேஜஸ் விமான உடலின் எடையில் 45 சதவீதம் கலப்புப் பொருள். பெங்களூரு நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸில் நைட்டினாலை வைத்தும் வேலை செய்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்க்க நினைக்கிறவர்கள் கம்பியின் நிக்கல் அளவிலிருந்து தொடங்க வேண்டும். அணுக் கணக்கில் 0.1 சதவீதம் நிக்கல் மாறினாலே மாற்ற வெப்பநிலை பத்து டிகிரி நகர்ந்துவிடும். அந்த நுணுக்கம் உருக்கு உலையில் இருக்கிறது, என் சட்டத்தில் இல்லை.

எங்கே போடலாம் என்று கேட்டால், முழுத் தட்டுக்கும் போடாதே என்பேன். அடி எங்கே விழும் என்று தெரிந்த இடத்தில், உடைந்தால் துண்டு பறந்துபோய் இன்னொன்றைக் கெடுக்கும் இடத்தில், ஒரு பட்டையாகப் போட்டால் போதும். இறக்கையின் முன்விளிம்பு, விசிறி இலையின் ஓரம், ஹெல்மெட்டின் உச்சி.

தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு பழுதுபார்க்கப் போவதுண்டு. சுனாமிக்குப் பின் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகிய கரை அது. ஒவ்வொரு நாளும் அலையோடு வந்து மணலில் மோதி ஏறுகிற ஏரா என்னும் அடிப்பாகம்தான் முதலில் போகும். நான் கம்பித் தட்டுக் கதை சொல்வதை ஒருமுறை கேட்டுவிட்டுப் படகுக்காரர் விடவில்லை.

"அந்தக் கம்பிய ஏராவுல போட்டுட்டா ஒடையாதாண்ணே?"

"ஒடையும் தம்பி. ஒடஞ்சாலும் கொட்டாது."

"எவ்ளோ ஆவும்?"

சொன்னேன். படகைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார்.

"அந்தக் காசுக்கு இன்னொரு எஞ்சினு வாங்கிடுவேன். நீங்க ரெண்டு சுத்து ரோவிங் கூடப் போடுங்க."

இரண்டு சுற்று கண்ணாடி இழை கூடுதலாகப் போட்டேன். ஏராவுக்கு அதுதான் சரியும்கூட. எடை ஏறுவதைப் பற்றிப் படகுக்குக் கவலையில்லை, தேய்வதுதான் கவலை. தேய்மானத்துக்கு நைட்டினால் ஒன்றும் செய்யாது.